கடல் கடந்த கபோய்ரா: ஜொவாவ் கிராண்டேயின் ஆசிரிய நெறி

1. தோற்றுவாய்

ஒரு கலை தான் பிறந்த மண்ணை விட்டு நீங்கி வேற்று நாட்டில் வேர்கொள்ளுங்கால், அதனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு முடிபுகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். பயில்வோர் தொகை பெருகியது. ஆதலின் கலை வளர்ந்தது என்பர் ஒரு சாரார். மண்ணும் மொழியும் மாறின. ஆதலின் கலை தேய்ந்தது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் தலைகளை எண்ணுகின்றனர். பின்னவர் தொலைவை அளக்கின்றனர். கலையின் உறுப்புகளுள் எவை கடல் கடந்தன, எவை கரையிலேயே நின்றுவிட்டன என்னும் வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

பிரேசில் நாட்டில் வளர்ந்த கபோய்ரா என்னும் கலையைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1990-ஆம் ஆண்டில் பாகியா மாநிலத்தினின்றும் நியூயார்க் நகரை அடைந்து, அங்குப் பள்ளி நிறுவிய ஜொவாவ் கிராண்டே என்னும் ஆசிரியரும் அவரைச் சூழ்ந்த மாணவர் கூட்டமும் நம் ஆராய்ச்சிக்குரிய பொருளாவர். கபோய்ரா ஆட்டம், போர், இசை, பாட்டு என்னும் நான்கும் கலந்த கலை. அதனைப் பற்றி எழுதுவோர் பலரும் உடலசைவையே விரித்துரைப்பர். வாய்மொழிப் பாடலை ஆராயும் நமக்கோ அதன் பாட்டே முதன்மையானது. பாட்டினை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், ஜொவாவ் கிராண்டேயின் வெற்றியும் அவ்வெற்றிக்குள் எஞ்சி நின்ற குறையும் ஒருங்கே புலப்படும்.

2. ரோடா என்னும் வட்டம்

பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடையே கபோய்ரா உருப்பெற்றது. அதன் மூலம் ஆப்பிரிக்க மண்ணிலேயே முழுமையாக இருந்ததா, பல குடியினரின் கலப்பால் பிரேசிலில் தோன்றியதா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. ஜெர்மானிய ஓவியராகிய ருகெண்டாஸ் 1835-இல் வெளியிட்ட ஓவியத் தொகுதியில், இருவர் எதிரெதிர் நின்று ஆட, ஒருவர் முழவறைய, மக்கள் சூழ நின்று காணும் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. இன்று இக்கலையின் அடையாளமாக விளங்கும் பெரிம்பாவ் என்னும் வில்யாழ் அவ்வோவியத்தில் இல்லை. ஆகவே, மரபு எனப்படுவதும் காலந்தோறும் சேர்ந்து வளர்ந்ததே என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிரேசிலில் அடிமை முறை 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1890-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், தெருவிலும் பொதுவிடங்களிலும் கபோய்ரா ஆடுதலைக் குற்றமாக்கி, இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறை விதித்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். அவர்தம் ஆட்டம் சிறைப்பட்டது.

இக்கலை நிகழும் வட்டத்தை ரோடா என்பர். அங்கோலா நெறியில் அவ்வட்டத்தின் தலைப்பில் மூன்று பெரிம்பாவ்கள் நிற்கும். நீண்ட கழியைக் கம்பியால் வளைத்து, அடியில் சுரைக்குடுக்கை கட்டி, சிறு கோலால் கம்பியை அடித்து ஒலிக்கும் கருவி அது. குங்கா, மெடியோ, வியோலா என்பன மூன்றன் பெயர்கள். தாழ்ந்த ஒலியினதாகிய குங்காவை ஏந்தியவரே வட்டத்தை ஆள்பவர். கஞ்சிராவை ஒத்த பாண்டெய்ரோ இரண்டு, இரட்டை மணி, உராய்ந்தொலிக்கும் மூங்கிற்கருவி, நெடுமுழவு ஆகியன உடன் இசைக்கும்.

பாட்டின் முறைவைப்பே நம் கருத்திற்குரியது. முதலில் பெரிம்பாவின் அடியில் ஆடுவோர் இருவரும் குந்தியிருப்பர். ஒருவர் தனித்துப் பாடும் லடையின்யா என்னும் நெடும்பாட்டு அப்போது எழும். அது நிகழுங்கால் எவரும் ஆடுவதில்லை. எவரும் மறுமொழி பாடுவதுமில்லை. பழைய ஆசிரியர் புகழ், நாட்டு வரலாறு, உலகியல் அறிவுரை, பாடுவோரின் சொந்தத் துன்பம் முதலியன அதன் பொருளாகும். அடுத்து வாழ்த்துப் பகுதி வரும்; இறைவனையும் ஆசிரியரையும் வாழ்த்தித் தலைவர் பாடக் கூட்டத்தார் அவ்வடிகளைத் திருப்பிப் பாடுவர். இறுதியில் கொரிடோ என்னும் குறும்பாட்டுகள் தொடங்கும். அவை தொடங்கிய பின்னரே ஆட்டம் தொடங்கும். கேட்டல், ஏற்றல், ஆடல் என்பது இம்முறையின் அடிப்படை. கேளாதவன் ஆடுதற்குரியன் அல்லன் என்பதே இதன் உட்பொருள்.

3. பஸ்தீன்யாவின் பள்ளி

இருபதாம் நூற்றாண்டில் கபோய்ரா இரு நெறிகளாகப் பிரிந்தது. பிம்பா என்னும் ஆசிரியர் 1930-களில் வட்டாரப் போர்முறை எனத் தாம் பெயரிட்ட புதுநெறியை வகுத்தார். 1937-இல் அவருடைய பள்ளி அரசின் ஒப்புதல் பெற்றது. 1953-இல் குடியரசுத் தலைவர் வார்காஸ் முன்னிலையில் அவருடைய குழுவினர் ஆடிக்காட்டினர். அவர் ஒரு பெரிம்பாவும் இரண்டு பாண்டெய்ரோக்களும் போதுமெனக் கொண்டார், பயிற்சியை வரிசைப்படுத்தினார், தனிநெடும்பாட்டுக்கு அவர் நெறியில் முதன்மை இல்லை. சட்டத்தால் ஒடுக்கப்பட்ட கலையைச் சட்டத்தின் முன்னரே நிமிர்ந்து நிற்கச் செய்த பெருமை அவருக்கு உரியது. எனினும் பாட்டு சுருங்கியது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

1889-இல் பிறந்த பஸ்தீன்யா பழைய முறையைப் பேணக் கருதி, 1941-இல் சால்வடோர் நகரில் கபோய்ரா அங்கோலாவிற்கு ஒரு நிலையம் கண்டார். 1964-இல் அந்நெறியைப் பற்றி நூலும் எழுதினார். 1966-இல் டக்கார் நகரில் கூடிய ஆப்பிரிக்க இனத்தாரின் முதல் உலகக் கலைவிழாவிற்குத் தம் குழுவினருடன் சென்றார். அடிமைக் கப்பல்களில் வந்தோரின் வழித்தோன்றல்கள் அக்கலையுடன் ஆப்பிரிக்கக் கரையில் மீண்டும் காலூன்றிய நிகழ்ச்சி அது. ஜொவாவ் கிராண்டேயும் அக்குழுவில் ஒருவர்.

இத்தகைய சிறப்புற்ற பஸ்தீன்யாவின் இறுதிக் காலம் இரங்கத்தக்கது. பெலோரின்யோ பகுதியிலிருந்த அவருடைய பள்ளிக் கட்டடம் பழுதுபார்த்தலின் பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. அவருக்கு அது மீளக் கிடைக்கவில்லை. பார்வை இழந்து, வறுமையுற்று, 1981-இல் அவர் மறைந்தார். இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ளாது அவர் மாணவரின் கடற்பயணத்தை மதிப்பிடுதல் பொருந்தாது.

4. ஜொவாவ் கிராண்டே

ஜொவாவ் கிராண்டே 1933-இல் பாகியா மாநிலத்தின் இட்டாழி என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்து வயதளவில், ஒருவர் நிலத்தில் தாழ்ந்து காலைச் சுழற்றும் அசைவொன்றைக் கண்டார். அதன் பெயரை வினவியபோது உரிய விடை கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கரின் நடனம் என்ற அளவிலேயே அறிந்தார். பெயர் அறியாத அவ்வசைவைத் தேடி வீட்டை விட்டுச் சென்றார் என அவர்தம் வரலாறு கூறும். இருபது வயதளவில் சால்வடோரில் கபோய்ராவைக் கண்டு, பஸ்தீன்யாவிடம் மாணவரானார். 1968-இல் ஆசிரியரிடமிருந்து சான்றிதழ் பெற்றார்.

பஸ்தீன்யாவின் பள்ளி சிதைந்தபின், அவருடைய தலைமாணவராகிய இவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தார், இரவில் சுற்றுலாப் பயணிகளுக்கான நாட்டுப்புறக் காட்சிகளில் ஆடினார், கற்பித்தலை நிறுத்தியிருந்தார். 1980-இல் மொராயிஸ் என்பார் தொடங்கிய அங்கோலா கபோய்ரா குழுவினர், அவ்வாண்டுகளின் இடைப்பகுதியில் இவரை மீண்டும் கற்பிக்கத் தூண்டினர். தாய்நாட்டில் எவரும் முயலவில்லை எனக் கூறுதல் பிழையாகும். 1982-இல் ஜொவாவ் பெக்கேனோ சால்வடோரின் சான்டோ அந்தோனியோ கோட்டையில் பள்ளி கண்டதும் இவ்வகை முயற்சியே. ஆயினும் அம்முயற்சிகள் தனியாரின் ஆர்வத்தால் எழுந்தவை. முதிர்ந்த ஆசிரியர் ஒருவருக்கு வாழ்வளிக்கும் வலிமை அவற்றுக்கு அன்று இருந்ததில்லை.

1990-இல் இவர் அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் அளிக்கச் சென்று, நியூயார்க்கிலேயே தங்கி, பதினான்காம் தெருவில் பள்ளி நிறுவினார். 1995-இல் அப்சாலா கல்லூரி இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2001-இல் அமெரிக்க அரசின் கலை நிறுவனம் நாட்டுப்புறக் கலைஞர்க்குரிய தன் உயரிய விருதினை அளித்தது. பிரேசில் அரசு ரோடாவையும் கபோய்ரா ஆசிரியர்தம் தொழிலையும் நாட்டின் மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது 2008-இல். யுனெஸ்கோ நிறுவனம் ரோடாவைத் தன் பட்டியலில் சேர்த்தது 2014-இல். இவ்வாண்டு வரிசையை நோக்குவார்க்கு ஓர் உண்மை தெளிவாகும்: பிறந்த நாடு கலையைப் பதிவு செய்வதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, புகுந்த நாடு கலைஞரைப் போற்றியிருந்தது. கலை வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்டது என்று எழுதுவோர், அது அங்குச் செல்ல நேர்ந்தது ஏன் என்பதையும் எழுதக் கடவர்.

5. மேடையும் அறையும்

ஜொவாவ் கிராண்டேக்கு முன்னரே கபோய்ரா கடல் கடந்துவிட்டது. 1971-இல் நெஸ்டர் என்னும் ஆசிரியர் லண்டனில் கற்பித்தார். 1975-இல் ஜெலோன் வியெய்ரா, லோரெமில் மசாடோ என்னும் இருவர் நியூயார்க்கில் குடியேறினர். ஜெலோன் 1977-இல் நடனக் குழு அமைத்து அமெரிக்க அரங்குகளில் இக்கலையை அறிமுகம் செய்தார். 2008-இல் அவரும் அவ்வரசின் விருது பெற்றார். ஜொவாவ் கிராண்டேயின் அமெரிக்க வருகைக்குத் துணைநின்றவரும் அவரே.

இவ்விருவரையும் ஒப்பிட்டு, ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதல் எளிது, அது நேர்மையன்று. மேடை காண்போரை உண்டாக்குகின்றது. காண்போர் இல்லாத அயல் நகரில் ஒரு கலையைக் கற்க வருவோரும் இரார். ஜெலோன் பதினைந்தாண்டுகள் உழுத நிலத்திலேயே ஜொவாவ் கிராண்டே விதைத்தார். ஆயினும் மேடைக்கு ஒரு வரம்பு உண்டு. மேடையில் வட்டம் ஒரு பக்கம் திறந்தாக வேண்டும். திறந்த பக்கத்தில் இருப்போர் பாடுவோர் அல்லர். இருளில் அமர்ந்து பார்ப்போர். ரோடாவிலோ புறத்தே நின்று பார்ப்பவன் என்று ஒருவனும் இல்லை. சூழ இருப்பவன் மறுமொழி பாடுகின்றான். சிறிது போதில் கருவி ஏந்துகின்றான். அடுத்து ஆடப் புகுகின்றான். இம்மூன்று நிலையும் ஒருவனுக்கே உரியன.

ஜொவாவ் கிராண்டே மேடையை விடுத்து ஓர் அறையைத் தேர்ந்தார். அவ்வறையில் வட்டம் மூடியே இருந்தது. அவர் ஆங்கிலத்தில் மிகுதியாகப் பேசிக் கற்பித்தவர் அல்லர். ஆடிக்காட்டியும் மாணவரின் உடலைத் திருத்தியும் போர்த்துக்கீசியச் சொற்கள் சிலவற்றால் உணர்த்தியுமே கற்பித்தார். இதனைக் குறையெனக் கருதுவோர் உளர். அவர்தம் இளமையை நோக்கின் அது குறையன்று, நெறியே. பெயர் அறியாமல் அசைவைக் கண்டு, அசைவின்வழிப் பெயரை அடைந்தவர் அவர். தம் மாணவரையும் அவ்வழியிலேயே நடத்தினார். விளக்கம் முன்னும் பயிற்சி பின்னுமாக அமையும் நூற்கல்விக்கு இது மறுதலை. உடலசைவைப் பொறுத்தவரை இந்நெறி முழு வெற்றி கண்டது என்று கூறலாம்.

6. பாட்டு என்னும் நடுவர்

உடலுக்குப் பொருந்திய இந்நெறி பாட்டுக்கும் பொருந்துமா என்பதே இனி ஆராயத்தக்கது.

கொரிடோக்கள் ஆட்டத்திற்கு அணிசெய்யும் பின்னணி அல்ல. வட்டத்துள் நிகழ்வதனை அவை உடனுக்குடன் மதிப்பிடுகின்றன. ஒருவன் வீழ்ந்தால் எள்ளுதற்குரிய பாட்டு உண்டு. ஆட்டம் சினத்தால் வெம்மையுற்றால் தணித்தற்குரிய பாட்டு உண்டு. வரம்பு மீறுவானை எச்சரித்தற்கும், முதியவர் புகும்போது வரவேற்றற்கும் தனித்தனிப் பாட்டுகள் உண்டு. எப்பொழுது எதனைப் பாடுவது எனத் தேர்ந்து பாடுதலே தலைவரின் திறமை. எனவே ரோடாவின் முதல் திறனாய்வாளர் அதன் பாடகரே. அவர் தீர்ப்பு ஆட்டம் முடிந்தபின் எழுதப்படுவதன்று; ஆட்டத்தினுள்ளேயே ஒலிப்பது; ஆடுவோர் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளத் தக்கது.

போர்த்துக்கீசியம் அறியாத மாணவர் ஒருவர் இவ்வட்டத்திற் புகுந்தால் நிகழ்வது யாது? அவர் மறுமொழியை ஒலி பிசகாமல் பாடுகின்றார். தாளம் தவறுவதில்லை. ஆனால், தம்மை நோக்கி எழுந்த எள்ளலையோ எச்சரிக்கையையோ அவர் அறிவதில்லை. சில வேளைகளில் தம்மை எள்ளும் பாட்டிற்கே அவர் மகிழ்ந்து மறுமொழி கூறவும் கூடும். குங்காவின் ஒலி மாறினால் ஆடுவோர் இருவரும் அதன் அடிக்குத் திரும்புவர்; அவ்வளவில் கருவி என்னும் நடுவர் கடல் கடந்துவிட்டார். சொல் என்னும் நடுவரோ வட்டத்தின் வாயிலிலேயே நிற்கின்றார்.

லடையின்யாவின் நிலை இதனினும் அரிது. மறுமொழியைப் பொருளறியாது பாடலாம். மனப்பாடம் செய்த பழைய லடையின்யாவையும் அவ்வாறே பாடலாம். புதிய லடையின்யாவை அவ்வாறு கட்ட முடியாது. தன் வாழ்வையும் தன் ஆசிரியரையும் பொருளாக்கிப் பாடுவதற்கு மொழி வேண்டும். காலைச் சுழற்றும் அசைவைக் கண்டு கற்கலாம். சொல்லைக் கோத்தலைக் கண்டு கற்றல் இயலாது. ஜொவாவ் கிராண்டேயின் சொல்லாக் கல்வி தன் எல்லையை அடையும் இடம் இதுவே.

எனினும் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தராமையால் நேர்ந்த நன்மையையும் குறிக்க வேண்டும். பெயர்ப்பைக் கொடுத்திருந்தால் மாணவர் அதனோடு அமைந்திருப்பர். கொடாமையால், ஆழ்ந்து பயில விரும்பியோர் போர்த்துக்கீசியத்தைக் கற்கவும் பாகியாவிற்குச் சென்று வரவும் தலைப்பட்டனர். அயல்நாடுகளில் இக்கலை பயில்வாரை ஆராய்ந்தோர் இப்போக்கினைப் பலவிடத்தும் பதிவு செய்துள்ளனர். ஆகவே ஆசிரியர் விட்ட இடைவெளி சிலருக்குத் தடையாகவும் சிலருக்குப் படியாகவும் ஆயிற்று. படியாக்கிக் கொண்டவர் தொகை சிறிதாயினும், கலையின் தொடர்ச்சி அவர்களையே சார்ந்தது.

7. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். பாகியாவில் மட்டும் எல்லோரும் பொருளறிந்தா பாடினர்? அப்பாட்டுகளில் ஆப்பிரிக்க மொழிச் சொற்கள் பல உள. அவற்றுட் சிலவற்றின் பொருள் பாடுவோர்க்கே தெளிவாகத் தெரியாது. அடிமைக் கப்பலில் வந்தோர் தம் தாய்மொழியை இழந்து, ஆண்டைகளின் மொழியில் பாடினர். இன்று மரபு மொழி எனப் போற்றப்படும் போர்த்துக்கீசியமே அவ்வாறு புகுந்த மொழிதான். முதற் கடப்பில் மொழி மாறியும் கலை அழியவில்லை. இரண்டாம் கடப்பில் மட்டும் மொழியை வற்புறுத்துவானேன்?

இம்மறுப்பு வலியது. இதற்கு விடை இரண்டு. முதலாவது, பொருள் தெரியாத ஒரு சொல் பொருள் தெரிந்த வாக்கியத்தினுள் நிற்றல் வேறு. வாக்கியம் முழுதும் பொருள் தெரியாமல் நிற்றல் வேறு. முன்னது பாட்டிற்குத் தொன்மை தருகின்றது. பின்னது பாட்டை வெற்றொலி ஆக்குகின்றது. இரண்டாவது, முதற் கடப்பில் வந்தோர் புதுமொழியில் தாமே பாட்டுக் கட்டினர். மொழி மாறியது; பாட்டுக் கட்டும் தொழில் நிற்கவில்லை. நாம் வேண்டுவதும் அதுவே. நியூயார்க் மாணவர் போர்த்துக்கீசியத்தில் கட்டினாலும் பிறிதொரு மொழியில் கட்டினாலும், குந்தியிருந்து தனித்துப் பாடுதற்குத் தமக்கென ஒரு பொருளும் சொல்லும் உடையராதல் வேண்டும். மொழியின் தூய்மை பற்றியதன்று நம் கவலை. பாடுவோரின் வாய் வெறுமை பற்றியது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் மூன்று. கபோய்ராவின் உடலசைவும் கருவியிசையும் வட்டத்தின் ஒழுங்கும் ஜொவாவ் கிராண்டேயின் பள்ளியில் குறைவின்றிக் கடல் கடந்தன. அதற்குக் காரணம் அவர் மேடைக்கு ஏற்ப வட்டத்தைத் திறவாமையே. இரண்டாவதாக, மதிப்பிடும் சொல்லாகிய பாட்டு, மொழி கற்றாரளவில் மட்டுமே கடல் கடந்தது. ஏனையோரிடம் அது ஒலியளவில் நின்றது. மூன்றாவதாக, இக்கடப்பு ஒரு கலையின் வீரப்பயணம் மட்டுமன்று; தன் பேராசிரியன் பார்வையும் பள்ளியும் இழந்து மறைய, அவன் தலைமாணவன் பெட்ரோல் நிலையத்தில் நிற்க நேர்ந்த நிலத்தினின்றும் நிகழ்ந்த வெளியேற்றமும் ஆகும். பிற்காலத்துப் பதிவுகளும் பட்டியல்களும் வேண்டப்படுவனவே. எனினும், பட்டியலில் ஏறிய கலை எனினும் ஆசிரியனுக்கு உணவும் உறையுளும் இல்லாத இடத்தில் அது நிலைபெறாது.

இனிச் செய்யத்தக்க ஆராய்ச்சி ஒன்றுண்டு. 1968-இல் வால்தெலொயிர் ரேகோ என்னும் அறிஞர் தம் பெருநூலில் பாகியாவின் கபோய்ராப் பாட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அதுபோல, பிற நாடுகளில் பயின்றோர் தாமே கட்டிய லடையின்யாக்களைத் தொகுத்து, அவற்றின் பொருளும் யாப்பும் ஆராயப்படல் வேண்டும். அத்தொகுப்பு சிறிதாயின் கலை பாதி வழியில் நிற்கின்றது என்று கொள்க. பெரிதாயின், பாகியாச் சிற்றூரில் பெயர் அறியாத ஓர் அசைவைத் தேடிப் புறப்பட்ட சிறுவனின் பயணம் முற்றுப்பெற்றது என்று கொள்க.